மதிப்பீட்டுப் படிவம், பக்கம் மூன்று

மஞ்சக்குப்பத்தில் மின்சாரம் போய் வந்தது.
யுபிஎஸ் இரண்டு முறை இருமியது.
சோதனைச் சந்தா இன்று நள்ளிரவோடு முடிகிறது.
அதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும்
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை
நான் வட்டமிட்டாக வேண்டும்.

நம்பகத்தன்மை: நான்கு.
ஆசிரியர் பெயர், பணியிடம், ஆண்டு எல்லாம் இருக்கிறது.
ஒன்றைக் குறைத்தது ஏன் என்றால் தெரியாது.
முழு மதிப்பெண் போடுகிற கை
எங்கள் கல்லூரியில் யாருக்கும் வாய்த்ததில்லை.

தேடல் வசதி.
இங்கேதான் கெடிலம் குறுக்கே வந்தது.
புவியியல் இரண்டாமாண்டு தனகோட்டி
ஆற்றின் பெயரோடு வெள்ளம் என்று தட்டினாள்.
பூஜ்யம்.
முதல் எழுத்தை மாற்றினாள். மூன்று கட்டுரைகள்.
நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டினாள். ஏழு.
அதில் நான்கு வேறு யாருடைய ஊரிலோ ஓடுகிற ஆறு.
"நம்ம ஆத்துக்கு இவங்களுக்கு
ஸ்பெல்லிங்கே தெரியல மேடம்."
அது வீட்டுக்குள் வந்த வருஷம் அவளுக்கு ஒன்பது வயது.
பீரோவில் இது வரைக்கும் என்று
இடுப்பருகே கையை வைத்துக் காட்டினாள்.
துல்லியமான அளவு.
மேற்கோள் காட்ட முடியாது.

பிறகு கைப்பேசியைத் திறந்தாள்.
யாரோ யாருக்கோ அனுப்பி அவளுக்கு வந்த பிடிஎஃப்.
தலைப்பு இல்லை. தயாரித்தவர் இல்லை.
சாய்வாக ஸ்கேன் செய்த காகிதத்தில் பாதி முத்திரை,
ஓரத்தில் ஒருவரின் கட்டைவிரல்.
திருவதிகை அணைக்கட்டு,
மணிக்கு மணி நீர்மட்டம்.
பதினான்கும் பதினைந்தும் காணவில்லை.

என் படிவத்தின்படி இதற்கு ஒன்று.
ஒன்றுக்குக் கீழே எண் இல்லாததால் ஒன்று.

ஆனாலும் படித்தேன்.
பத்து மணி, பதினொரு மணி, பன்னிரண்டு,
எண்கள் படியேறுவதைப் போல ஏறின.
இரவு இரண்டு மணிக்கு நேரே மட்டும்
ஒன்றை அடித்து இன்னொன்று எழுதியிருந்தது.
மை பரவிய எண்.
அடித்து எழுதியவன் பொய்யனா,
இல்லை, அந்த நேரத்தில் டார்ச்சோடு திரும்ப ஒருமுறை
போய்ப் பார்த்துவிட்டு வந்தவனா?
எட்டு அளவுகோல்கள் இருக்கின்றன என்னிடம்.
எதுவும் இதைக் கேட்பதில்லை.

பயன்பாடு.
முதல்வர் நேராக இந்தப் பக்கத்துக்குத்தான் வருவார்.
ஒரு மாதத்தில் நாற்பத்தியொரு பதிவிறக்கம்,
"வகுத்துப் பாருங்கம்மா, ஒண்ணு என்ன விலை வருது?"
வகுத்தேன். வந்த தொகையில்
முதுநகரில் ஒரு குடும்பம் நான்கு நாள் மீன் வாங்கலாம்.
நாற்பத்தியொன்றில் முப்பத்தெட்டு
ஏழாம் எண் கணினியில்,
மதியம் ஒன்று பத்துக்கும் ஒன்று ஐம்பதுக்கும் இடையில்.
சாப்பாட்டு வேளையில் சாப்பிடாத ஒருவர்:
விலங்கியல் கௌரவ விரிவுரையாளர் அமலநாதன்.
ஊதியப் பட்டியலில் பெயர் வராதவருக்கு
உள்நுழைவு எண் கிடையாது என்பது விதி.
நூலகத்தின் கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில்
எழுதிக் கொடுத்தது யார் என்று
புள்ளிவிவரம் சொல்லாது.
நானும் சொல்லப்போவதில்லை.
நண்டுகளைப் பற்றிய அவர் பாடத்தில்
இந்த வருஷம் யாரும் தூங்கவில்லை என்று
தனகோட்டியின் அறைத்தோழி சொன்னாள்.
செவிவழிச் செய்தி. மதிப்பெண் இல்லை.

இறுதிக் கேள்வி: பரிந்துரைக்கிறீர்களா?
ஆம்.
பேனா கொஞ்சம் தயங்கியதை ஸ்கேனர் காட்டாது.

குறிப்புகளுக்கு இரண்டு அங்குலம் விட்டிருந்தார்கள்.
அதைக் காலியாக விட்டேன்.
வேறு ஒரு தாளை எடுத்து
பெரிய எழுத்தில் எழுதி, பூட்டுவதற்கு முன்
அறிவிப்புப் பலகையில் குத்தினேன்:

திருவதிகை நீர்மட்டப் பதிவு,
பக்கம் 14, 15 வைத்திருப்பவர்கள்
நூலகத்துக்கு வரவும்.
இரவு இரண்டு மணிக்கு அங்கே இருந்தவரும்.